சுற்றி வந்து அறிந்த புள்ளி
இயற்கணித வடிவியலின் கதை – 21

சென்ற இதழில் ஆஸ்கர் ஜரிஸ்கி ஹார்வர்டுக்கு வந்து சேர்ந்ததையும், அங்கே ஒரு தலைமுறை மாணவர்களை உருவாக்கத் தொடங்கியதையும் பார்த்தோம். அவர்களில் ஒருவரான டேவிட் மம்ஃபர்ட் 1961-ல் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இந்த இதழின் மையம். நேராக அதற்குள் இறங்கினால், அவர் தீர்த்தது எவ்வளவு பழைய கேள்வி என்பது தெரியாமல் போய்விடும். ஆகவே அறுபத்து மூன்று ஆண்டுகள் பின்னே போய், கோபன்ஹேகனில் தொடங்குகிறேன்.

1898-ல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பவுல் ஹீகார்ட் என்ற 26 வயது இளைஞர் டேனிஷ் மொழியில் ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். இடவியலின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த ஆய்வேட்டை முக்கியமாக ஒரு காரணத்துக்காக நினைவுகூர்வார்கள்: மூன்றாண்டுகளுக்கு முன் ஆன்ரி புவான்காரே வெளியிட்டிருந்த இருமைத் தேற்றத்தின் நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை அது காட்டியது. ஹீகார்ட் அந்த ஓட்டையைத் தேடிப் போகவில்லை. அவர் ஆராய்ந்தது இயற்கணிதப் பரப்புகளின் இடவியலை. அந்தப் பரப்புகளில் ஒழுங்கு குலையும் ஒரு புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புவான்காரேயின் தேற்றம் இடறியது. மூன்று பரிமாண வெளிகளைப் பற்றிய இடவியல் பரப்புகளின் சிக்கல் புள்ளிகளோடு உடன்பிறந்தது என்பதை நம் பாடநூல்கள் சொல்வதே இல்லை. சொல்ல வேண்டிய செய்தி இது.

சிக்கல் புள்ளி என்றால் என்ன? மூன்று கலப்பெண் மாறிகளை எடுத்துக்கொண்டு, அவற்றை ஒரே ஒரு சமன்பாட்டால் கட்டுங்கள். அந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்தது ஒரு கலப்பெண் பரப்பு. ஒவ்வொரு கலப்பெண்ணிலும் இரண்டு மெய்யெண்கள் உள்ளன. ஆகவே பரப்பு என்று பெயர் இருந்தாலும் அது உண்மையில் நான்கு பரிமாணம் கொண்டது. அதன் பெரும்பாலான புள்ளிகளின் அக்கம்பக்கம் சீரானது. அங்கே ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தால் கிடைப்பது நான்கு பரிமாணப் பந்து. சில புள்ளிகளில் மட்டும் இந்தச் சீர் கெடும். கணிதர்கள் சிங்குலாரிட்டி என்று சொல்வது அந்தப் புள்ளிகளைத்தான்.

ஹீகார்ட் எடுத்துக்கொண்ட சமன்பாடு மிக எளிது: ஒரு மாறியின் வர்க்கம் மற்ற இரண்டின் பெருக்கத்துக்குச் சமம். இதன் ஆதிப்புள்ளி சிக்கல் புள்ளி. அதை ஆராய அவர் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு மிகச் சிறிய கோளத்தை வைத்து, கோளமும் பரப்பும் வெட்டிக்கொள்ளும் இடத்தை மட்டும் பார்த்தார். அது மூன்று பரிமாண வெளி. நம் வசதிக்குச் சுற்றுவெளி என்போம். கோளத்தை மேலும் மேலும் சுருக்கினாலும் சுற்றுவெளியின் வடிவம் மாறுவதில்லை. சிக்கல் புள்ளியை உச்சியாகவும் சுற்றுவெளியை அடியாகவும் வைத்து எழுப்பிய கூம்புதான் அந்தப் புள்ளியின் அக்கம்பக்கம் முழுவதும். கருவறைக்குள் காலடி வைக்காமல் பிரகாரத்தைச் சுற்றி வந்தே உள்ளே இருப்பதை அறிய முயல்வது போன்றது இந்த வழி.

சீரான புள்ளியின் சுற்றுவெளி மூன்று பரிமாணக் கோளம். அதில் எந்த மூடிய பாதையைப் போட்டாலும் அதை இழுத்து ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். ஹீகார்டின் புள்ளியில் அப்படி நடப்பதில்லை. ஏன் என்று பார்ப்பது கடினமல்ல. இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் வர்க்கங்களை இரண்டு மாறிகளாகவும் அவற்றின் பெருக்கத்தை மூன்றாவது மாறியாகவும் வைத்தால் சமன்பாடு தானாகவே நிறைவேறும். ஆனால் இரண்டு எண்களின் குறிகளையும் ஒருசேர மாற்றினால் அதே புள்ளிதான் மறுபடி கிடைக்கும். அதாவது இந்தப் பரப்பு, சாதாரணக் கலப்பெண் தளத்தில் எதிரெதிர்ப் புள்ளிகளை இரண்டிரண்டாக ஒட்டியதால் வந்தது. தளத்தில் ஒரு புள்ளியிலிருந்து அதன் எதிர்ப்புள்ளிக்குப் போகும் பாதை, பரப்பில் மூடிய பாதையாகிவிடுகிறது. அதைச் சுருக்க முடியாது. அதையே இரண்டு முறை சுற்றினால் சுருக்கிவிடலாம். ஒரு முறை சுற்றினால் நிற்கும், இரண்டு முறை சுற்றினால் மறையும் இந்த வகைப் பாதைக்குப் புவான்காரேயின் 1895 நிரூபணத்தில் இடமே இல்லை.

புவான்காரே பெருந்தன்மையோடு குறையை ஏற்றார். 1899-லும் 1900-லும் பின்னிணைப்புகள் எழுதித் தன் கோட்பாட்டைச் செப்பனிட்டார். ஐந்தாவது பின்னிணைப்பு 1904-ல் வந்தது. அதில், ஹோமாலஜி என்னும் கணக்கின் பார்வையில் கோளத்திலிருந்து பிரித்தறிய முடியாத, ஆனால் கோளம் அல்லாத ஒரு மூன்று பரிமாண வெளியை அவர் கட்டிக் காட்டினார். பின்பு கேட்டார்: எல்லா மூடிய பாதைகளும் சுருங்கும் மூன்று பரிமாண வெளி கோளமாகத்தான் இருக்க வேண்டுமா? நூற்றாண்டு காலம் நின்ற இந்தக் கேள்விக்கு 2002, 2003 ஆண்டுகளில் கிரிகோரி பெரல்மான் விடை கண்டதை எல்லோரும் அறிவோம். நம் கதையில் அந்தக் கேள்வி வேறொரு வாசல் வழியாக நுழையப்போகிறது.

ஹீகார்டுக்குப் பிறகு வளைவரைகளின் பக்கம் ஒரு வளர்ச்சி உண்டு. வியன்னாவில் வில்ஹெல்ம் விர்ட்டிங்கர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிக்கல் புள்ளிகளையும் முடிச்சுகளையும் இணைத்துப் பார்த்தார். அவர் மாணவர் கார்ல் பிரவுனர் 1928-ல் அதை முழுமையாக எழுதினார். ஒரு மாறியின் வர்க்கம் மற்றதன் கனத்துக்குச் சமம் என்ற வளைவரையின் கூர்முனையைச் சிறு கோளத்தால் வெட்டினால், மூன்றிதழ் முடிச்சு கிடைக்கும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த முடிச்சைத் தனியே எடுத்து வைத்தால் அது வெறும் வட்டம். கூர்முனை உள்ள வளைவரைக்கும் நேர்கோட்டுக்கும் அந்த இடத்தில் இடவியல் வேறுபாடே இல்லை. முடிச்சு தெரிவது, வளைவரை எந்த வெளியில் பதிந்திருக்கிறதோ அதோடு சேர்த்துப் பார்க்கும்போது மட்டுமே. ஆக, ஒற்றைப் பரிமாணத்தில் சுற்றுவெளி தன் மையம் சீரானதா என்று எப்போதும் சொல்வதில்லை. பரப்புகளில் அது சொல்லுமா?

சொல்லும் என்று நம்ப ஹீகார்டின் எடுத்துக்காட்டு இடம் தருகிறது. ஆனால் அதைவிடக் கடினமான ஒரு புள்ளியை ஃபெலிக்ஸ் கிளைன் 1884-லேயே, இருபது முகங்கள் கொண்ட ஐகோசஹெட்ரானைப் பற்றிய தம் நூலில் நமக்குத் தந்துவிட்டார். ஒரு மாறியின் வர்க்கம், இன்னொன்றின் கனம், மூன்றாவதன் ஐந்தாம் அடுக்கு, மூன்றும் சேர்ந்து பூஜ்யம். இதுதான் அந்தப் பரப்பு. ஐகோசஹெட்ரானைத் தன்மேல் பொருத்தும் சுழற்சிகள் 60. அவற்றை இரட்டித்தால் 120 உறுப்புகள் கொண்ட ஒரு குலம் வரும். கலப்பெண் தளத்தை அந்தக் குலத்தின்படி மடித்தால் கிளைனின் பரப்பு கிடைக்கும். அதன் சுற்றுவெளி, மூன்று பரிமாணக் கோளத்தை 120-ஆக மடித்தது. அது வேறெதுவும் அல்ல, 1904-ல் புவான்காரே கட்டிக் காட்டிய அதே வெளி! ஹோமாலஜிக் கணக்கு போடுபவருக்கு இந்தப் புள்ளி சீரானது என்றே படும். பாதைகளை நேரடியாகப் பின்தொடர்பவருக்கோ 120 வகைப் பாதைகள் தென்படும்.

கேம்பிரிட்ஜில் பாட்ரிக் டூ வால் 1934-ல் இந்த வகைப் புள்ளிகளை அவிழ்த்துப் பார்த்தார். ஒரு சிக்கல் புள்ளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சில வளைவரைகளைப் பதித்துப் பரப்பைச் சீராக்குவதே அவிழ்த்தல். ஹீகார்டின் புள்ளியை அவிழ்த்தால் ஒரே ஒரு கோளம் வரும். கிளைனின் புள்ளியை அவிழ்த்தால் எட்டுக் கோளங்கள்: ஏழு ஒரு வரிசையில் அடுத்தடுத்துத் தொட்டு நிற்கும், எட்டாவது அந்த வரிசையின் ஓர் ஓரத்திலிருந்து மூன்றாவதைத் தொடும். ஒவ்வொரு கோளமும் தன்னைத்தானே வெட்டும் எண் கழித்தல் 2. கோளத்தைச் சற்றே நகர்த்தி, நகர்ந்த கோளம் பழையதை எத்தனை முறை, எந்தக் குறியோடு வெட்டுகிறது என்று எண்ணுவதால் வரும் எண் இது. இயற்கணித வடிவியலில் எதிர்மறை எண்ணிக்கை அச்சம் தருவதல்ல. அந்த வளைவரையை அதன் இடத்திலிருந்து அசைக்க முடியாது என்பதற்கான அடையாளம் அது.

இந்த எண்களை ஓர் அணியாக எழுதலாம். மூலைவிட்டத்தில் கழித்தல் 2, தொட்டுக்கொள்ளும் கோளங்களுக்கு 1, மற்ற இடங்களில் பூஜ்யம். ஹீகார்டின் புள்ளிக்கு அணிக்கோவையின் மதிப்பு, குறியை விட்டுவிட்டால், 2. இரண்டு முறை சுற்றினால் மறையும் பாதையின் கணக்கு இதுதான். கிளைனின் எட்டுக்கு எட்டு அணிக்கு அணிக்கோவை 1. ஹோமாலஜி ஏன் அங்கே ஒன்றையும் காணவில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

இனி மம்ஃபர்ட். இங்கிலாந்தில் 1937-ல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஹார்வர்டில் ஜரிஸ்கியிடம் இயற்கணிதத்தின் கறாரான ஒழுக்கத்தைக் கற்றார். ஜரிஸ்கி பள்ளி சிக்கல் புள்ளிகளை அணுகும் முறை முழுக்க இயற்கணிதமே: வளையங்கள், சீர்மங்கள், மதிப்பீடுகள். படத்தையும் பாதையையும் நம்பிய பழைய இத்தாலியர்களின் வழியில் பிழைகள் மலிந்ததைக் கண்டு ஜரிஸ்கி உருவாக்கிய ஒழுக்கம் அது. அந்தப் பள்ளியில் வளர்ந்த ஒருவர், முனைவர் பட்டம் பெற்ற அதே ஆண்டில், மறுபடி பாதைகளைக் கையில் எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. பாரிஸுக்கு அருகிலுள்ள உயர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் இதழில், 9-ஆம் எண்ணில், 1961-ல் கட்டுரை வந்தது. அதன் தேற்றம் ஒரே வாக்கியம்: இயல்பான ஒரு கலப்பெண் பரப்பில் ஒரு புள்ளியின் சுற்றுவெளியில் எல்லா மூடிய பாதைகளும் சுருங்குமானால், அந்தப் புள்ளி சீரானது.

இயல்பான என்ற நிபந்தனையைத் தள்ளிவிடக் கூடாது. கூர்முனை வளைவரையைக் கலப்பெண் நேர்கோட்டோடு பெருக்கினால் வரும் பரப்பு இடவியல் அளவில் சாதாரணத் தளமே. ஆனால் அதில் ஒரு கோடு நெடுகச் சிக்கல். இப்படிப்பட்ட பரப்புகளை விலக்குவதே அந்த நிபந்தனை. அது இருந்தால் சிக்கல் புள்ளிகள் தனித்தனியாக மட்டுமே நிற்கும்.

நிரூபணத்தின் போக்கைச் சொல்லியாக வேண்டும், அழகு அங்கேதான் இருக்கிறது. மம்ஃபர்ட் முதலில் புள்ளியை அவிழ்த்து வளைவரைகளின் ஒரு வலையைப் பெறுகிறார். அந்த வலையின் அணி எப்போதும் முழுக்க எதிர்மறையானது என்று காட்டுகிறார். டூ வாலும் இதைக் கண்டிருந்தார். அடுத்து, சுற்றுவெளியை இந்த வலையைச் சூழ்ந்த மெல்லிய உறையின் மேற்பரப்பாகப் பார்க்கிறார். அப்போது சுற்றுவெளியின் பாதைகளை எல்லாம் வலையிலிருந்தே எழுதிவிடலாம். ஒவ்வொரு வளைவரைக்கும் அதைச் சுற்றி வரும் ஒரு பாதை. இரண்டு வளைவரைகள் தொட்டால் அவற்றின் பாதைகள் வரிசை மாற்றத்துக்கு இணங்கும். ஒவ்வொரு வளைவரைக்கும் அதன் வெட்டு எண்ணைக் கொண்ட ஒரு தொடர்பு. சில எண்களும் ஒரு படமும் இருந்தால் போதும், சுற்றுவெளியின் குலம் கைக்கு வந்துவிடும்.

இப்போது எல்லாப் பாதைகளும் சுருங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வளைவரைகளில் எதிலேனும் துளை இருந்தால் அதைச் சுற்றும் பாதை சுருங்காது. ஆகவே எல்லாம் கோளங்கள். வலை எங்காவது வளையமாக மூடிக்கொண்டால் அந்த வளையத்தைச் சுற்றும் பாதை சுருங்காது. ஆகவே வலை ஒரு மரம். மரத்தின் கிளைகள் மூன்றோ அதற்கு மேலோ சேரும் கணுவில், கிளைகளை இனிக் குறைக்க முடியாவிட்டால் குலம் வெறுமையாகாது என்று குலக் கோட்பாட்டின் மூலம் காட்டுகிறார். இது நிரூபணத்தின் கடினமான படி. முடிவில், வலையில் எங்கோ வெட்டு எண் கழித்தல் 1 உள்ள ஒரு கோளம் இருந்தே தீர வேண்டும் என்றாகிறது. அப்படிப்பட்ட கோளத்தைச் சீர் கெடாமல் ஒரு புள்ளியாகச் சுருக்கலாம் என்பது இத்தாலியர் காஸ்டெல்னுவோவின் தேற்றம். முன்பே இத்தொடரில் பார்த்தோம். சுருக்கினால் வலை சிறிதாகிறது. அதே வாதம் மறுபடி. கடைசிக் கோளமும் மறையும்போது எஞ்சுவது சீரான புள்ளி.

இந்த முடிவு புவான்காரேயின் கேள்வியை மறைமுகமாகத் தொட்டது. பாதைகள் எல்லாம் சுருங்கும் வெளி கோளம்தானா என்று உலகம் விடை தெரியாமல் நின்றபோது, பரப்புகளின் சுற்றுவெளிகளாக வரும் வெளிகளுக்கு மட்டும், ஆமாம் என்ற விடை 1961-லேயே கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டே ஹான்ஸ் கிரவர்ட் மறுதிசையை நிறைவு செய்தார்: அணி முழுக்க எதிர்மறையாக இருந்தால், அந்த வலையை ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். ஃப்ரீட்ரிஷ் ஹிர்ஸப்ருக் மம்ஃபர்ட் கட்டுரையைப் பாரிஸின் பூர்பாக்கிக் கருத்தரங்கில் விரித்துரைத்தார். அந்த உரை வழியாகவே அது பலரைச் சென்றடைந்தது.

இயல்பாகவே எழும் கேள்வி: மூன்று கலப்பெண் பரிமாணங்களிலும் இது உண்மையா? ஹிர்ஸப்ருக்கின் மாணவர் எக்பர்ட் பிரீஸ்கோர்ன் 1966-ல் இல்லை என்று காட்டினார். நான்கு மாறிகள், மூன்றின் வர்க்கங்களும் நான்காவதன் கனமும் சேர்ந்து பூஜ்யம். இதன் ஆதிப்புள்ளி ஐயமற்ற சிக்கல் புள்ளி. சுற்றுவெளியோ சாதாரண ஐந்து பரிமாணக் கோளம்! இடவியலால் அந்தச் சிக்கலைக் காணவே முடியாது. பிரீஸ்கோர்ன் அங்கே நிற்கவில்லை. ஐந்து மாறிகளில் மூன்று வர்க்கங்கள், ஒரு கனம், கடைசி மாறிக்கு 5, 11, 17 என ஆறாறாக உயரும் அடுக்கு என்று வைத்தால், முதல் 28 சமன்பாடுகளின் சுற்றுவெளிகள், ஏழு பரிமாணக் கோளத்தின் 28 வெவ்வேறு நுண்கணித வடிவங்களையும் ஒன்று விடாமல் தந்துவிடும். ஜான் மில்னர் 1956-ல் கண்டு உலகை அதிரவைத்த விசித்திரக் கோளங்கள் பள்ளி மாணவன் எழுதக்கூடிய சமன்பாடுகளுக்குள் இருந்தன. மில்னரே 1968-ல் இதையெல்லாம் ஒரு சிறு நூலில் தொகுத்தார். சிக்கல் புள்ளிக்கு அவர் இணைத்த எண் இன்று மில்னர் எண் எனப்படுகிறது. கிளைனின் புள்ளிக்கு அது 8. எட்டுக் கோளங்களின் அதே 8.

வளைவரைகளில் சுற்றுவெளி வாய் திறப்பதில்லை. மூன்றிலும் அதற்கு மேலும் அது சீரான புள்ளியின் தோற்றத்தைப் போர்த்திக்கொண்டு நம்மைத் திசைதிருப்பக்கூடும். நடுவே, பரப்புகளில் மட்டும் அது உண்மையைச் சொல்கிறது. மம்ஃபர்ட் தேற்றத்தை இவ்வளவு பெரிதாக நான் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

*

இந்த இடத்தில் கதை பம்பாய்க்கு வருகிறது. வருவிக்கவில்லை, உண்மையிலேயே வருகிறது.

சக்கரவர்த்தி பத்மநாபன் ராமானுஜம் 1938 ஜனவரி 9 அன்று சென்னையில் பிறந்தார். 1952-ல் லயோலா கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ரசீன், எலி கார்ட்டானிடம் முனைவர் பட்டம் பெற்றவர். அன்றைய தமிழகக் கல்லூரிகளில் கேள்விப்படாத புதிய கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தவர் அவர். எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி, ராகவன் நரசிம்மன் என்று லயோலாவிலிருந்து ஒரு வரிசையே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போயிற்று. 1957-ல் ராமானுஜமும் போனார். முதலில் எண் கோட்பாட்டில் இறங்கினார். இயற்கணித எண் புலங்களில் 54 மாறிகள் கொண்ட முப்படிச் சமன்பாட்டுக்குப் பூஜ்யமல்லாத தீர்வு எப்போதும் உண்டு என்பது அவருடைய தொடக்க கால முடிவு.

வெளிநாட்டு வல்லுநர்கள் பம்பாயில் தொடர் உரை ஆற்றுவதும், அங்குள்ள இளைஞர் ஒருவர் அதைக் குறிப்பெடுத்து நூலாக்குவதும் அந்த நிறுவனத்தின் வழக்கம். இகோர் ஷாஃபரேவிச் இருபரிமாண வெளிகளைப் பற்றி ஆற்றிய உரைகளையும், 1967–68-ல் மம்ஃபர்ட் ஆபெல் வெளிகளைப் பற்றி ஆற்றிய உரைகளையும் எழுதியவர் ராமானுஜம். குறிப்பெடுப்பவர் வேலை என்று இதைச் சிறிதாக எண்ண வேண்டாம். மம்ஃபர்டின் அந்த நூல் இன்றும் அத்துறையின் ஆதார நூல்; அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு பின்னிணைப்பை எழுதியவரும் ராமானுஜமே.

1971-ல் 'அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, மம்ஃபர்ட் ஒரு புள்ளிக்குச் செய்ததை முடிவிலிக்குச் செய்தது. கேள்வி இது: சிக்கல் புள்ளியே இல்லாத, முடிவிலி வரை திறந்து கிடக்கும் ஒரு கலப்பெண் பரப்பு, இடவியல் அளவில் ஒரு புள்ளியாகச் சுருங்கக்கூடியதாக இருந்தால், அது கலப்பெண் தளம்தானா? ராமானுஜத்தின் விடைக்கு இரண்டு பாதி. முதல் பாதி: இன்னொரு நிபந்தனை சேர்ந்தால், ஆம். முடிவிலிக்கு அருகில் போடும் மூடிய பாதைகளும் சுருங்க வேண்டும் என்பது அந்த நிபந்தனை. பரப்பின் முடிவிலியில் வளைவரைகளின் ஒரு வலையைச் சேர்த்து மூடினால், அந்த வலையைச் சூழ்ந்த உறையின் பாதைகளே முடிவிலியின் பாதைகள். மம்ஃபர்டின் குலக் கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஒரு பெரிய தடை: மம்ஃபர்டின் அணி முழுக்க எதிர்மறை, முடிவிலியின் அணியில் ஒரு நேர்மறைத் திசை இருந்தே தீரும். அதனால் பழைய வாதம் பாதி வழியில் நின்றுவிடும். ராமானுஜம் வலையைக் குறைத்துக் குறைத்து ஒரே சங்கிலியாக்கி, பின் அந்தச் சங்கிலியை ஒற்றை நேர்கோடாக்கி, பரப்பு தளம்தான் என்று முடித்தார்.

இரண்டாம் பாதி எனக்கு இன்னும் பிடித்தது. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் விடை 'இல்லை' என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டைக் கட்டினார். ஒரு கூர்முனை உள்ள முப்படி வளைவரையையும் ஒரு கூம்பு வெட்டையும் எடுத்துக்கொண்டார். அவை மொத்தம் ஆறு முறை வெட்ட வேண்டும். ஐந்து ஒரே புள்ளியிலும் ஒன்று இன்னொரு புள்ளியிலும் விழும்படி வைத்தார். அந்தத் தனிப் புள்ளியை ஒரு கோளமாக விரித்துவிட்டு, இரண்டு வளைவரைகளையும் நீக்கினார். எஞ்சிய பரப்பு ஒரு புள்ளியாகச் சுருங்கும். அதன் முடிவிலியிலோ சுருங்காத பாதைகள் உண்டு. ஆகவே அது தளம் அல்ல. இன்று உலகம் முழுவதும் ராமானுஜம் பரப்பு என்று வழங்குவது இதுதான். அதைக் கலப்பெண் நேர்கோட்டோடு பெருக்கினால் சாதாரண ஆறு பரிமாண வெளி வந்துவிடுகிறது. இயற்கணிதத்தின் கண்ணுக்கு மட்டும் அது சாதாரணமானதல்ல.

அவருடைய இன்னொரு கட்டுரை, சைகோனில் பிறந்த லே டுங் ட்ராங்குடன் சேர்ந்து எழுதியது. ஒரு சிக்கல் புள்ளியின் சமன்பாட்டை மெல்ல மாற்றிக்கொண்டே போகும்போது மில்னர் எண் மாறாதிருந்தால், புள்ளியின் இடவியல் வடிவமும் மாறாது என்பது அதன் தேற்றம். அவர்கள் பயன்படுத்திய கருவிக்கு உயர்ந்த பரிமாணம் தேவை. அதனால் மற்ற எல்லாப் பரிமாணங்களிலும் செல்லும் நிரூபணம் ஒரே ஓர் இடத்தில், நம் பரப்புகளில், செல்வதில்லை.

அந்தக் கட்டுரை 1976-ல் அச்சில் வந்தபோது ராமானுஜம் இல்லை. நெடுங்காலம் மனநோயோடு போராடியவர் அவர். நோய் தணிந்த காலங்களில் மட்டுமே இந்தப் பணிகள் அனைத்தையும் செய்தார் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1974 ஆகஸ்டில் வான்கூவரில் மம்ஃபர்டுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று பெங்களூரில், 36 வயதில், ராமானுஜம் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவர் நினைவாக 1978-ல் டாடா நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் அவருடைய கட்டுரைகளும், மம்ஃபர்ட் உள்ளிட்ட பலரின் எழுத்துகளும் உள்ளன. இத்தாலியின் ஜெனோவாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. கும்பகோணத்து ராமானுஜனை அறியாத தமிழர் இல்லை. சென்னையில் பிறந்த இந்த ராமானுஜத்தை நம் கல்லூரிக் கணித மாணவர்களில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. இது மாற வேண்டும். லயோலாவில் தொடங்கி ஒவ்வொரு கல்லூரியின் கணிதத் துறையும் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு கேள்வியை இன்னும் தொடவில்லை. அவிழ்த்துப் பார்த்தால் வரும் வலையிலிருந்து சுற்றுவெளியை எழுதிவிடலாம் என்று மம்ஃபர்ட் காட்டினார். மறுதலையாக, சுற்றுவெளியை மட்டும் கையில் கொடுத்தால் வலையை மீட்க முடியுமா? முடியும் என்று வால்டர் நாய்மன் 1981-ல் நிரூபித்தார். அவருடைய வழி, வலைகளின் படங்களைச் சில விதிகளின்படி மாற்றி எழுதும் ஒரு கணக்கு. அடுத்த இதழில் அதைப் பென்சிலும் தாளுமாகச் செய்து பார்க்கப்போகிறோம். கிளைனின் எட்டுக் கோளங்களின் படத்தை, ஏழு ஒரு வரிசையில், எட்டாவது மூன்றாவதோடு சேர்த்து, வாசகர்கள் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கு அதிலிருந்தே தொடங்கும்.